குடியிருக்கும் ஓனரையே அபார்ட்மென்ட் கேர்டேக்கராக நியமிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையில் இருபது, முப்பது வீடுகள் உள்ள எந்த அபார்ட்மென்டுக்குப் போனாலும் கதை ஒன்றுதான். செக்ரட்டரி ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பார். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். வாட்ச்மேனுக்கு மோட்டார் போடத் தெரியும், நிறுத்தத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் "சார்கிட்ட கேக்கணும்" என்பார். பகல் பதினோரு மணிக்கு லிஃப்ட் நின்றுவிட்டால் யாருக்குப் போன் போடுவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். அந்த விவாதத்தின் நடுவில்தான் யாராவது ஒருவர் எழுதுவார்: "நம்ம செகண்ட் ஃப்ளோர் சார் ரிட்டயர் ஆகி வீட்லதானே இருக்கார், அவரையே பார்த்துக்கச் சொல்லி மாசம் ஏதாவது குடுத்துடலாமே?"

நல்ல யோசனைதான். கட்டடத்தின் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். மழைக்காலத்தில் சம்புக்குள் சாக்கடைத் தண்ணீர் கலந்தால் அவர் வீட்டிலும் அதே தண்ணீர்தான் வரும், அதனால் அக்கறை தானாகவே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வெளியிலிருந்து யாரும் வர முடியாத நாட்களில், உள்ளேயே இருந்த ஆட்கள்தான் கட்டடங்களைச் சமாளித்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெளியாள் சரியாக வேலை செய்யாவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம். இவரை வேலையிலிருந்து நிறுத்தலாம், வீட்டிலிருந்து நிறுத்த முடியாது. நிறுத்திய மறுநாளும் அதே லிஃப்டில் முகம் பார்த்தாக வேண்டும். போதாக்குறைக்கு அவரும் ஒரு ஓனர். பொதுக்குழுவில் அவருக்கும் ஓட்டு உண்டு. அதனால் இந்த ஏற்பாட்டில் எப்படிச் சேர்ப்பது என்பதைவிட எப்படி முடிப்பது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த நினைப்பில் எழுதியவை.

படி 1: உங்கள் கட்டடத்துக்கு இது தேவையா என்று பாருங்கள்

பத்து வீட்டுக்குக் கீழே என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நூறு வீட்டுக்கு மேலே, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) எல்லாம் இருக்கிறது என்றால் அது முழுநேரத் தொழில். மேனேஜரோ, பராமரிப்பு நிறுவனமோ வேண்டும். இடையில் இருக்கும் கட்டடங்களுக்குத்தான் குடியிருக்கும் ஓனர் சரிப்பட்டு வருவார்.

இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். ஓனர்களில் எத்தனை பேர் உண்மையில் அங்கே குடியிருக்கிறார்கள்? பாதிக்கு மேல் வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருக்கும் நாலைந்து ஓனர்களும் ஏற்கெனவே கமிட்டியில்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுத்தால், கேள்வி கேட்க மிஞ்சுவது யார்? அப்படிப்பட்ட கட்டடத்துக்கு வெளியாளே மேல்.

படி 2: வேலையைப் பட்டியலாக எழுதுங்கள்

எல்லாச் சண்டைக்கும் ஆரம்பம் "பார்த்துக்கணும்" என்ற ஒற்றைச் சொல்தான். எதைப் பார்த்துக்கொள்வது?

அபார்ட்மென்டில் மூன்று விதமான வேலைகள் உண்டு. கேட்டில் நிற்பது வாட்ச்மேன் வேலை. எவ்வளவு செலவு செய்யலாம், யாருக்கு கான்ட்ராக்ட் கொடுக்கலாம் என்று முடிவெடுப்பது கமிட்டி வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் கேர்டேக்கர் வேலை: முடிவானது நடக்கிறதா என்று பார்ப்பது, நடக்காததைச் சொல்வது, ஆள் வரவழைப்பது, வந்தவன் பக்கத்தில் நின்று வேலை வாங்குவது, எழுதி வைப்பது. அவரே ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அறுபத்தைந்து வயதுக்காரரை ஓவர்ஹெட் டேங்க் ஏணியில் ஏறச் சொல்லும் கமிட்டிகளும் இருக்கின்றன. ஏறுவதற்கு பிளம்பர் இருக்கிறார். கேர்டேக்கர் கீழே நின்று ஏணியைப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பட்டியல் எழுதும்போது தினசரி, வாராந்திர, மாதாந்திர வேலைகளைப் பிரித்து எழுதுங்கள். தினமும்: சம்ப் மட்டம், மோட்டார், பொது விளக்குகள், துப்புரவு, புகார் நோட்டு. வாரம் ஒரு முறை: ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பது, மொட்டை மாடி ஒரு சுற்று. மாதம் ஒரு முறை: லிஃப்ட் சர்வீஸ் ஆள் உண்மையிலேயே லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கிப் பார்த்தாரா, இல்லை கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனாரா என்று கவனிப்பது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பொது மீட்டரின் ஈபி பில். வருஷத்துக்கு ஒரு முறை சம்ப், டேங்க் கழுவுவது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது செப்டம்பர் கடைசிக்குள், மொட்டை மாடி வடிகால் வாய்களையும் மழைநீர் சேகரிப்புக் குழிகளையும் சுத்தம் செய்வது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் அப்போது தோண்டிய குழியை அப்புறம் திறந்தே பார்க்காத கட்டடங்கள் ஏராளம்.

வேலை தெரிந்த கேர்டேக்கர் எங்கே காசை மிச்சம் பிடிப்பார் என்பதற்குத் தண்ணி லாரி ஒன்றே போதும். கோடையில் வாரத்துக்கு மூன்று நாலு லாரி வாங்கும் கட்டடத்தில் ஒவ்வொரு லாரியும் முழுசாக வந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? வழி சுலபம். சம்பின் உட்சுவரில் ஒரு ஸ்கேல் போலப் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். சம்ப் உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 120 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இறங்கினால் மட்டம் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். 85 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் வந்தது 10,200 லிட்டர். 1,800 லிட்டருக்குச் சும்மா காசு கொடுத்திருக்கிறீர்கள். லாரி இறங்கும்போது மோட்டார் ஓடக் கூடாது, மெட்ரோ வாட்டர் வால்வும் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தப்பும். இறங்குவதற்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ. இரண்டு லாரிக்கு இப்படிச் செய்தால் போதும், மூன்றாவது லாரியை டிரைவரே தளும்பத் தளும்பக் கொண்டுவருவார்.

படி 3: பைலாவை எடுத்துப் படியுங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான அசோசியேஷன்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் அமலுக்கும் வந்துவிட்டது. உங்கள் அசோசியேஷன் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, உறுப்பினருக்கு அசோசியேஷன் பணத்திலிருந்து சம்பளமோ மதிப்பூதியமோ கொடுக்க இடம் இருக்கிறதா? தடை இருந்தால் முதலில் பைலாவைத் திருத்த வேண்டும். அதை விட்டுவிட்டு வேறு பெயரில் வவுச்சர் போடுவது பின்னால் தலைவலி. இரண்டு, ஆள் நியமிக்கும் அதிகாரம் கமிட்டிக்கா, பொதுக்குழுவுக்கா? கமிட்டிக்கு அதிகாரம் இருந்தாலும் இந்த விஷயத்தைப் பொதுக்குழுவுக்குக் கொண்டுபோவதே நல்லது. மூன்று, கமிட்டிப் பொறுப்பில் இருப்பவர் சம்பளம் வாங்கலாமா?

மூன்றாவதற்கு பைலா என்ன சொன்னாலும், என் கருத்தில் பதில் ஒன்றுதான்: கூடாது. கேர்டேக்கராக வருகிறவர் கமிட்டியிலிருந்து எழுத்து மூலம் விலக வேண்டும். அவருடைய மனைவியோ கணவரோ பிள்ளையோ செக்ரட்டரியாகவோ ட்ரஷரராகவோ இருக்கக் கூடாது. சம்பளம் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே வீட்டில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மூன்றாம் மாடியில் பேச்சு கிளம்பத்தான் செய்யும்.

படி 4: எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுங்கள்

மனத்தில் ஒருவர் ஏற்கெனவே இருந்தாலும் அறிவிப்பை எல்லாருக்கும் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதாது. நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள், வெளியூரில் இருக்கும் ஓனர்களுக்கு மெயிலும் அனுப்புங்கள். பத்து நாள் அவகாசம் போதும். அறிவிப்பில் வேலைப் பட்டியல், நேரம், உச்சபட்சத் தொகை மூன்றும் இருக்கட்டும். ஒரே ஒருவர்தான் விண்ணப்பித்தார் என்றாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். "எனக்குச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கு அப்போது இடமே இருக்காது.

கூடவே வெளியிலிருந்து ஒரு மேனேஜரோ நிறுவனமோ இதே வேலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று இரண்டு கொட்டேஷன் வாங்கி வையுங்கள். ஒப்பிட ஒரு தொகை கையில் இல்லாமல் பொதுக்குழுவில் சம்பளம் பேசினால், பேரம் அந்த மனிதரின் முகத்துக்கு நேராக நடக்கும். அது யாருக்கும் அழகில்லை.

ரிட்டயர் ஆனவர்தான் வர வேண்டும் என்றும் இல்லை. பகலில் வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகள் பலர் இந்த வேலையை ரொம்பக் கச்சிதமாகச் செய்வார்கள். வேலைக்காரர்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், எந்த வீட்டில் எந்த பைப் ஒழுகுகிறது என்பது ஏற்கெனவே அவர்களுக்குத்தான் தெரியும். "லேடீஸ் எப்படி ராத்திரி மோட்டார் ரூமுக்குப் போவாங்க" என்று யாராவது கேட்பார்கள். ராத்திரி மோட்டார் ரூமுக்குப் போகத்தான் வாட்ச்மேன் இருக்கிறார்.

படி 5: யாரைத் தவிர்க்க வேண்டும்

மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர் வேண்டாம். பார்க்கிங், கசிவு, நாய் என்று எந்த வீட்டோடாவது நடப்புச் சண்டை இருப்பவரும் வேண்டாம். அது முடியட்டும், பார்க்கலாம். கட்டட வேலை கான்ட்ராக்டரோ, அவருடைய நெருங்கிய சொந்தமோ என்றால் ரொம்ப யோசிக்க வேண்டும்.

முக்கியமாக, வீட்டு புரோக்கர் வேலையைப் பகுதிநேரமாகச் செய்பவர் வேண்டவே வேண்டாம். சென்னை அபார்ட்மென்டுகளில் சில வீட்டு ஓனர்களாவது அமெரிக்காவிலோ துபாயிலோ இருப்பார்கள். எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது கேர்டேக்கருக்கு முதலில் தெரியும். வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை கமிஷன். மாசம் பன்னிரண்டாயிரம் வாங்கும் வேலையோடு முப்பதாயிரம் கமிஷன் வேலை ஒட்டிக்கொண்டால், மனசு எந்தப் பக்கம் போகும்? நாளடைவில் யார் குடிவரலாம், யார் வரக் கூடாது என்றே அவர் முடிவெடுக்க ஆரம்பித்துவிடுவார். பதவியில் இருக்கும்வரை அந்தக் கட்டடத்தில் புரோக்கரேஜ் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தனி வரியாகவே எழுதுங்கள்.

விண்ணப்பித்தவரைக் கமிட்டி உட்கார வைத்துப் பேச வேண்டும். அண்டை வீட்டுக்காரரை இன்டர்வியூ செய்வது கூச்சமாகத்தான் இருக்கும். தகுதி, அனுபவம் என்று கேட்காமல் சம்பவமாகக் கேளுங்கள்:

"மேல் வீட்டு பாத்ரூம் கசிவு உங்க சீலிங்கில் இறங்குது, அதே நேரம் நாலாவது மாடியில் இன்னொரு கசிவுப் புகார். பிளம்பர் ஒருத்தர்தான். எங்க முதல்ல அனுப்புவீங்க?"

"உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்த கார் அடுத்தவர் பார்க்கிங்கில் நிக்குது. அவர் உங்களுக்கே போன் பண்றார். என்ன செய்வீங்க?"

"மூணு மாசமா மெயின்டனன்ஸ் கட்டாத வீட்டில் குழாய் உடைஞ்சு தண்ணி ஓடுது. என்ன பண்ணுவீங்க?"

சரியான விடை என்று ஒன்று இல்லை. எழுதி வைப்பேன், செக்ரட்டரியிடம் சொல்வேன் என்கிறாரா, நானே பார்த்துக்குவேன் என்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

படி 6: பணம்

கொடுப்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு: மாதச் சம்பளம், மதிப்பூதியம், மெயின்டனன்ஸ் தள்ளுபடி. மூன்றாவதுதான் எல்லாருக்கும் உடனே பிடிக்கும். "கையிலிருந்து காசு குடுக்க வேண்டாமே, அவர் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டாம்னு விட்டுடலாம்."

அதைச் செய்யாதீர்கள். வரவும் செலவும் கணக்கிலேயே ஏறாமல் போய்விடும். ஆடிட்டர் கேட்டால் ஒரு வீட்டுப் பாக்கி மட்டும் அந்தரத்தில் தொங்கும். தள்ளுபடி கொஞ்ச நாளில் உரிமையாகத் தோன்றும். வேலையை விட்ட பிறகு "பழைய பாக்கி" என்று ஒரு புதுத் தகராறு முளைக்கும். அவர் எல்லாரையும் போல மெயின்டனன்ஸ் கட்டட்டும்; அசோசியேஷன் அவருக்குத் தனியாக வங்கி மூலம் கொடுக்கட்டும். இரண்டும் இரண்டு தனித்தனி வரியாகக் கணக்கில் வர வேண்டும்.

எவ்வளவு? உதாரணத்துக்கு 24 வீடுகள், வீட்டுக்கு மாதம் ரூ.3,500 மெயின்டனன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மாத வரவு ரூ.84,000. தினம் மூன்று, நாலு மணி நேர வேலைக்கு மதிப்பூதியம் ரூ.12,000 என்றால் வீட்டுக்கு ரூ.500 ஆகிறது. பொதுக்குழுவில் "பன்னிரண்டாயிரமா!" என்பவர்கள் "வீட்டுக்கு ஐந்நூறு" என்றால் யோசிப்பார்கள். வெளியாள் கொட்டேஷனும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இதற்காக மெயின்டனன்ஸை ஏற்றுகிறீர்கள் என்றால் ஜிஎஸ்டி பக்கம் ஒரு கண் வையுங்கள். வீட்டுக்கு மாதம் ரூ.7,500-க்கு மேல் போய், அசோசியேஷனின் ஆண்டு வரவும் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். மேலே சொன்ன 24 வீட்டுக் கட்டடத்தின் ஆண்டு வரவு ரூ.10,08,000-தான், கவலை இல்லை. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கட்டடங்கள்தான் பார்த்து நடக்க வேண்டும்.

கொடுப்பது சம்பளமா, ஒப்பந்தத் தொகையா என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள். டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பது அதைப் பொறுத்தது. வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்களையும் அசோசியேஷனே நேரடியாக வேலைக்கு வைத்திருந்தால் மொத்த ஆள் எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள். பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப் பற்றி ஆடிட்டரிடம் கேட்க வேண்டியிருக்கும். கேர்டேக்கர் பெயரில் ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக் கொடுங்கள். வருஷத்துக்குச் சின்னத் தொகைதான், படியில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியை அப்போது எழுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 7: பொதுக்குழுத் தீர்மானம்

நிகழ்ச்சி நிரலில் தனிப் பொருளாக வர வேண்டும். "இதர விஷயங்கள்" என்பதற்குள் சொருகினால், வராதவர்கள் எல்லாம் பிறகு சண்டைக்கு வருவார்கள். பைலாவில் சொன்ன நாள் கணக்குப்படி நோட்டீஸ் கொடுங்கள். அந்தப் பொருள் வரும்போது விண்ணப்பித்தவர் பேசிவிட்டு வெளியே போகட்டும். அந்த ஒரு ஓட்டெடுப்பில் அவர் கலந்துகொள்ள வேண்டாம். மற்ற தீர்மானங்களில் அவருடைய ஓட்டுரிமை அப்படியே இருக்கும்.

தீர்மானத்தை இப்படி எழுதலாம்:

"நமது சங்கத்தின் உறுப்பினரும் ____ எண் வீட்டின் உரிமையாளருமான திரு/திருமதி ____ அவர்களை ____ தேதி முதல் 11 மாதங்களுக்கு, மாதம் ரூ.____ மதிப்பூதியத்தில் கட்டடப் பராமரிப்பாளராக நியமிக்க இப்பொதுக்குழு ஒப்புதல் அளிக்கிறது. முதல் மூன்று மாதங்கள் சோதனைக் காலம். காலம் முடியும் தேதியில் இந்நியமனம் தானாகவே முடிவுக்கு வரும். தொடர வேண்டுமெனில் புதிய தீர்மானம் தேவை. இப்பொறுப்பில் உள்ளவரை அவர் நிர்வாகக் குழுவில் எப்பதவியும் வகிக்க மாட்டார்."

இதில் உயிர்நாடி "தானாகவே முடிவுக்கு வரும்" என்ற வரிதான். நீக்குவதற்குத் தீர்மானம் வேண்டும் என்ற நிலை இருந்தால், அண்டை வீட்டுக்காரருக்கு எதிராகக் கைதூக்க யாருக்கும் மனசு வராது. பிடிக்காத கேர்டேக்கர் எட்டு வருஷம் ஓட்டுவார். நீட்டிக்கத்தான் தீர்மானம் வேண்டும் என்றால், வேண்டாதபோது யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லி, ஒரு சால்வை போட்டு முடித்துவிடலாம்.

படி 8: ஒப்பந்தம்

இரண்டு, மூன்று பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. வேலைப் பட்டியலை இணைப்பாக வையுங்கள். மற்றபடி இவை இருக்க வேண்டும்.

நேரம். காலை 9 முதல் 11, மாலை 5 முதல் 7 என்பது போல. ஞாயிறு விடுமுறை. மற்ற நேரத்தில் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடலாம். எது அவசரம் என்பதையும் எழுதுங்கள்: லிஃப்டில் ஆள் மாட்டிக்கொள்வது, தீ, மின்கசிவு, கட்டடத்துக்கே தண்ணீர் இல்லாமல் போவது, கீழ்த்தளத்தில் வெள்ளம். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் அவசரம் இல்லை. இந்த வரி கேர்டேக்கரைக் காப்பாற்றத்தான். அவர் வீட்டுக் காலிங் பெல்லை யாரும் அடிக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது "மாமா, எங்க வீட்ல தண்ணி வரல" என்று பிள்ளையை அனுப்புவதுதான் இந்த வேலையை விட்டு நல்லவர்களை ஓட வைக்கிறது.

போன். அசோசியேஷன் செலவில் தனி நம்பர், செக்ரட்டரி பெயரில் சிம். லிஃப்ட் கம்பெனி, தண்ணி லாரி, பிளம்பர், ஈபி எல்லாருக்கும் அந்த நம்பர்தான். ஆள் மாறினாலும் நம்பர் மாறாது.

செலவு. கையில் சில்லறைச் செலவுக்கு ரூ.10,000 முன்பணம். ஒரு தடவைக்கு ரூ.2,000 வரை அவரே செய்யலாம், அதற்கு மேல் ட்ரஷரர் ஒப்புதல், ரூ.25,000-க்கு மேல் மூன்று கொட்டேஷன். தொகையை உங்கள் கட்டடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள், படிநிலை இருப்பதுதான் முக்கியம். பில் இல்லாத செலவுக்கு வவுச்சரில் வேலை செய்தவர் கையெழுத்தும் போன் நம்பரும் வேண்டும்.

வசூல். மெயின்டனன்ஸ் பணம் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கோ, அவருடைய ஜிபே கணக்குக்கோ போகக் கூடாது. அசோசியேஷன் வங்கிக் கணக்கின் கியூஆர் கோடை லாபியில் ஒட்டிவிடுங்கள். பாக்கியை நினைவுபடுத்துவதும் ட்ரஷரர் வேலை. கேர்டேக்கரைக் கந்துவட்டிக்காரர் மாதிரி வீடு வீடாக அனுப்பினால் கட்டடத்தில் அவருக்கு இருக்கும் நல்ல பெயர் போய்விடும். அந்த நல்ல பெயருக்காகத்தானே அவரை எடுத்தீர்கள்?

சாவியும் கேமராவும். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுப்பது நட்பு முறையில் இருக்கட்டும், வேலையில் சேராது. சிசிடிவி பதிவுப் பெட்டி அசோசியேஷன் அறையில் பூட்டி இருக்க வேண்டும், அவர் வீட்டு ஹாலில் அல்ல. பதிவைப் பார்க்க வேண்டுமென்றால் கமிட்டி ஆள் ஒருவரும் கூட இருக்கட்டும்.

ஆட்கள். வாட்ச்மேனுக்கு இருபத்து நாலு முதலாளிகள் என்பதுதான் எல்லாக் கட்டடத்திலும் உள்ள நிலைமை. ஒருவர் கார் கழுவச் சொல்வார், ஒருவர் பால் வாங்கிவரச் சொல்வார். இனி அவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் வேலை சொல்வது கேர்டேக்கர் மட்டுமே என்று எழுதுங்கள். கேர்டேக்கரும் தன் சொந்த வேலைக்கு அவர்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள். இதோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: வாட்ச்மேனுக்கு ஒழுங்கான கழிப்பறையும், உட்கார ஃபேன் உள்ள இடமும் இருக்கிறதா என்று பார்ப்பது கேர்டேக்கரின் முதல் மாத வேலையாக இருக்கட்டும். கோடி ரூபாய்க்கு ஃபிளாட் விற்கும் கட்டடங்களில்கூட இது இல்லை.

செப்டிக் டேங்க். எந்தச் சூழ்நிலையிலும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள். கையால் மலம் அள்ளத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். சாக்கடைக் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "ஆளு ரெடியா இருக்கான் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லி வருகிறவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் கடமையும் கேர்டேக்கருக்கு உண்டு. கழிவு அகற்றும் லாரியைக் கூப்பிட தமிழ்நாடு முழுவதற்கும் 14420 என்ற எண் இருக்கிறது.

சொந்தபந்தம். தன் உறவினருக்கோ, தனக்குப் பங்குள்ள கடைக்கோ கட்டட வேலை கொடுப்பதானால் முன்கூட்டியே கமிட்டியிடம் சொல்ல வேண்டும், மினிட்ஸில் ஏற வேண்டும். அவருடைய சொந்த வீட்டுப் புகாரைப் பொறுத்தவரை முடிவெடுப்பது செக்ரட்டரி.

படி 9: முதல் முப்பது நாள்

பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு கமிட்டி ஆள் ஒருவரும் கேர்டேக்கரும் மொட்டை மாடியிலிருந்து சம்ப் வரை ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்று ஒரு தகடு கட்டுங்கள். ராத்திரி குழாய் வெடித்தால் எதை மூட வேண்டும் என்று வாட்ச்மேனுக்கும் தெரிய வேண்டும். மெயின் சுவிட்சுகளுக்கும் அப்படியே. விரிசல், துரு, ஒழுகல் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்தால், எது பழைய குறை, எது இவர் காலத்தில் வந்தது என்ற வாதம் வராது.

ஒரு ஃபைல் போடுங்கள்: லிஃப்ட் லைசென்ஸ் நகல், லிஃப்ட் மற்றும் ஜெனரேட்டர் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியும் தேதிகள், தீயணைப்புக் கருவிகளின் காலாவதித் தேதி, ஈபி இணைப்பு எண்கள், மெட்ரோ வாட்டர் கணக்கு எண், கட்டடக் காப்பீடு. அவருக்கு நகல்கள் போதும். கட்டட வரைபடம், பதிவுச் சான்று போன்ற மூல ஆவணங்கள் செக்ரட்டரி பொறுப்பில் இருக்கட்டும்.

படி 10: மாத அறிக்கையும் மறுஆய்வும்

ஐந்தாம் தேதிக்குள் ஒரு பக்கம். எத்தனை லாரி வந்தது, எத்தனை லிட்டர் அளவு. பொது மீட்டர் யூனிட். வந்த புகார், முடிந்த புகார், நிற்கும் புகார், ஏன் நிற்கிறது. சில்லறைச் செலவு, மீதி. அடுத்த மாதம் வரப்போகும் பெரிய செலவு. அதை அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். கேர்டேக்கர் என்ன செய்கிறார் என்றே தெரியவில்லை என்ற முணுமுணுப்பில் பாதி அடங்கிவிடும்.

குறை சொல்பவர்கள் புகார் நோட்டில் எழுதட்டும், அல்லது செக்ரட்டரிக்கு மெயில் போடட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் கேர்டேக்கரைப் பெயர் சொல்லித் திட்டுவதை அட்மின் அனுமதிக்கக் கூடாது. மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு அவமானமும் சேர்த்து விற்கவில்லை அவர்.

மூன்றாம் மாத முடிவில் செக்ரட்டரி, ட்ரஷரர், கேர்டேக்கர் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். வேலைப் பட்டியலில் எது அதிகம், எது நடக்கவில்லை என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நேரம் போதவில்லை என்பதோ, வாட்ச்மேன் பேச்சைக் கேட்பதில்லை என்பதோ வெளியே வரும். பட்டியலைத் திருத்துங்கள்.

படி 11: முடிக்கும்போது

இரு தரப்புக்கும் முப்பது நாள் நோட்டீஸ், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பணக் கையாடல், கமிஷன் போன்றவற்றுக்கு மட்டும் உடனடி நிறுத்தம். அதையும் கமிட்டி, அவருடைய விளக்கத்தைக் கேட்டு, எழுத்தில் செய்ய வேண்டும். சம்பந்தப்பட்டவர் ஓனர் என்பதால் பொதுக்குழுவில் வந்து பேசும் உரிமை அவருக்கு உண்டு, அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள்.

பதினோராம் மாதம் தொடங்கும்போதே அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் "பராமரிப்பாளர் நியமனம்" என்ற பொருளைச் சேர்த்து, அறிவிப்பை மறுபடி எல்லாருக்கும் கொடுங்கள். இருப்பவரே திரும்ப விண்ணப்பிக்கலாம். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒருவரே வேண்டாம் என்பது என் யோசனை. அதற்குள் கட்டடத்தின் எல்லா விஷயமும் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கும் நிலை வந்துவிடும்.

கடைசி நாளில் போன், சாவிக்கொத்து, ஃபைல், புகார் நோட்டு, முன்பண மீதி ஆகியவற்றை எண்ணி வாங்கி, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளின் பிரதி ஒன்றை அவருக்கும் கொடுங்கள். அன்றைய ஈபி ரீடிங், சம்ப் மட்டம், ஜெனரேட்டர் டீசல் அளவு மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும். மதிப்பூதிய பாக்கி இருந்தால் அன்றே அவர் கணக்கில் போட்டுவிடுங்கள். புதியவர் வர ஒரு வாரம் தாமதம் என்றால், அந்த வாரத்துக்குப் பழையவரையே "சும்மா பார்த்துக்கோங்க சார்" என்று கேட்காமல், கமிட்டி ஆட்கள் முறை போட்டுக்கொண்டு பாருங்கள்.